பலகையில் ஓர் ஆணி காலி

நான் பல் மருத்துவன். என் எதிரே உட்காருகிறவர்கள் வாயைத் திறந்து வைத்திருப்பார்களே தவிர பேச முடியாது. அதனால் நான் சொல்வதையெல்லாம் உலகம் ஒப்புக்கொள்கிறது என்று பல வருடங்களாக நினைத்துப் பழகிவிட்டேன். வீட்டில் மட்டும் அது செல்லுபடியாவதில்லை.

மகள் சுரங்கப் பொறியியல் படிக்கப் போவதாகச் சொன்ன அன்று உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். "அப்பன் பல்லைத் தோண்டுறான், பொண்ணு மலையைத் தோண்டப் போறா, குடும்பத்துக்கே தோண்டுற யோகம்தான்" என்றார் மைத்துனர். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாகாமல் இருந்தால் சரி என்றாள் அவர் மனைவி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் சிரித்து வைத்தேன். வேறு நல்ல பிரிவுகள் கிடைக்கிற மதிப்பெண் அவளுக்கு இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"ஏம்மா இது?" என்று கேட்டேன்.

"எக்ஸ்ரே பாத்து வளந்தவ நான். வெளிய இருந்துக்கிட்டே உள்ள என்ன இருக்குன்னு சொல்ற படிப்பு வேற எதுப்பா?" என்றாள்.

சின்ன வயதில் அவள் என் கிளினிக்கில் உட்கார்ந்து யார் யாருடைய கடைவாய்ப் பல்லையோ ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதன் பலன் இப்படி வரும் என்று யார் கண்டது?

மூன்றாம் வருடம் வந்தபோது வீட்டில் நிம்மதியாகத் தலைக்கு மேல் ஒரு கூரை இல்லாமல் போயிற்று. சுரங்கத்தில் வேலை தொடங்கும் முன் இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்றால் பாறை கெட்டியாக இருக்கிறது, தொம்மென்றால் பிளந்து நிற்கிறது என்று அர்த்தம். அவள் துடைப்பக் கட்டையால் குளியலறைச் சுவர் முழுக்கத் தட்டிவிட்டு, குழாய்க்கு மேலே இருக்கிற ஓடு விழப் போகிறது என்று அறிவித்தாள். அடுத்த மாதமே அது விழுந்து என் மனைவியின் வாளியை உடைத்தது. தட்டினதால்தான் விழுந்தது என்று மனைவி இன்று வரை சாதிக்கிறாள். நானும் பல்லைத் தட்டித்தான் பார்ப்பேன் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. இந்தப் படிப்பை முடித்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்று விசாரித்தேன். அவளுக்கு முந்தைய வகுப்பில் ஒருவன் நகரத்துக்கு அடியில் ரயிலுக்குச் சுரங்கப்பாதை குடைகிறான். இன்னொருத்தி கல்குவாரியில் வெடியைக் கணக்குப் போட்டு வைக்கிறாள், பக்கத்து வீடுகளின் சுவர் விரிசல் விடாமல் மலை மட்டும் உடைய வேண்டுமாம். ஒருவன் பேராசிரியராகப் போனான், ஒருவன் படித்ததையெல்லாம் மறந்துவிட்டு வங்கியில் சேர்ந்தான். ஒருவன் மட்டும் குளிரூட்டிய அறையில், கணினியில், சுரங்கம் எப்படிப் போக வேண்டும் என்று வரைந்துகொண்டிருக்கிறான். செருப்பில் தூசு படாத வேலை. அந்த ஒருவனை நான் பிடித்துக்கொண்டேன். அவன் வேலை பார்க்கிற கம்பெனியின் முகவரியை வாங்கி, அவளுடைய விண்ணப்பத்தை அவள் முனகமுனக அனுப்ப வைத்தேன்.

அவளுக்கு வேறு எண்ணம் இருந்தது. கடைசி வருடப் பயிற்சிக்கு ஒரு உலோகச் சுரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். பயிற்சி முடிவில் அங்கிருக்கிற ஷிப்ட் இன்ஜினியர் 'இவள் அடியில் வேலை செய்யத் தகுதி' என்று எழுதிக் கொடுத்தால் அங்கேயே வேலை. எழுதாவிட்டால் இல்லை. அந்த ஒரு வரிக்காக அவள் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, லிப்ட் மாதிரி இறங்குகிற கூண்டில் ஏறி, பூமிக்குள் போய்க்கொண்டிருந்தாள். அந்த வரியை அந்த மனிதர் எழுதிவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

பயிற்சியின் கடைசி நாள் அன்றைக்கே கணினிக் கம்பெனியில் நேர்முகத் தேர்வும் வந்தது. மதியத்துக்கு மேல், நகரத்தில். ஷிப்ட் முடியும் முன்பே மேலே வர அனுமதி வாங்கியிருந்தாள். நான் கார் எடுத்துக்கொண்டு போய்ச் சுரங்கத்தின் வாசலில் நின்றேன். நேரம் ஆக ஆக ஹாரன் அடித்தேன். காவலாளி என்னைப் பார்த்தான். அவனுக்கு மேல்வரிசையில் ஒரு பல் குறுக்கே முளைத்திருந்தது. மறுபடி ஹாரன் அடித்தேன்.

அவள் முகத்தில் தண்ணீர் சொட்ட ஓடி வந்தாள். பின்சீட்டில் ஏறிச் சட்டையை மாற்றினாள், பூட்ஸைக் கழற்றி வேறு செருப்பு போட்டாள். கால்சட்டையை மாற்ற நேரமில்லை, கறுப்புதானே, தூசியைத் தட்டிக்கொண்டாள். தேர்வு நடக்கும்போது அடிக்கக் கூடாது என்று போனின் சத்தத்தை அணைத்துப் பையில் போட்டாள். என் போன் எப்போதுமே சத்தமில்லாமல்தான் இருக்கும், தொழில் பழக்கம்.

வழியெல்லாம் நான் உற்சாகமாகப் பேசினேன். அவள் ம் கொட்டினாள்.

அந்தக் கம்பெனி ஒரு உயர்ந்த கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்தது. பூமிக்கு அடியில் இருப்பதை வரைகிறவர்கள் இத்தனை உயரத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கும் தோன்றியது, சொல்லவில்லை. வரவேற்பறையில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையைப் புரட்டினேன். நாலு பக்கம்கூடப் புரட்டியிருக்க மாட்டேன், கதவு திறந்து அவள் வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளங்கையில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அப்பா, வண்டிய எடுங்க."

"என்னம்மா, கேள்வி கஷ்டமா?"

"வண்டிய எடுங்கப்பா."

லிப்டில்தான் சொன்னாள். தேர்வு அறையில் மூன்று பேர் இருந்தார்களாம். சுரங்கத்தில் நீ பார்த்ததிலேயே முக்கியமான கருவி எது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். துளையிடும் இயந்திரம், காற்று இழுக்கும் விசிறி என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். இவள், டோக்கன் பலகை என்றிருக்கிறாள். ஒரு மரப் பலகை, வரிசையாக ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் ஒருத்தருடைய பித்தளை டோக்கன். கீழே போகிறவர் தன் டோக்கனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும், மேலே வந்ததும் தன் கையாலேயே திரும்ப மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிவில் மேலிருந்தே, பாறையை உடைக்கிற வெடிக்கான பொத்தானை அழுத்துவார்கள். ஒரே ஒரு ஆணி காலியாக இருந்தாலும் அழுத்தக் கூடாது, ஏனென்றால் அந்த ஆணிக்கு உரியவர் இன்னும் கீழே இருக்கிறார். இதைப் பெருமையாக விளக்கிக்கொண்டே கால்சட்டைப் பையில் கையை விட்டிருக்கிறாள்.

கையைத் திறந்து காட்டினாள். எண் பொறித்த பித்தளை வில்லை. ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது.

எல்லோரும் சேர்ந்து மேலே வரும்போது வரிசையில் நின்று மாட்டுவார்கள், மறக்கவே முடியாது. இவள் தனியாக, நடு ஷிப்டில், என் ஹாரனைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பையிலிருந்து போனை எடுத்தாள். தவறிய அழைப்புகள் திரை முழுக்க இருந்தன. என் போனை எடுத்துப் பார்த்தேன். அதில் மனைவியின் பெயர் மட்டும், மேலிருந்து கீழ் வரை.

காரில் உட்கார்ந்து சுரங்கத்துக்கு அழைத்தாள். ஷிப்ட் இன்ஜினியரே எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"சார், நான்தான். நான் வெளிய இருக்கேன். டவுன்ல."

"இன்னைக்குக் காலைல உன்ன எதுக்குத் திட்டினேன்?" என்றார்.

"பூட்ஸ் கயிறு சரியா கட்டலன்னு."

"சரி, நீதான்." யாரிடமோ திரும்பி, "தேடறவங்கள மேல வரச் சொல்லு" என்றார். பிறகு, "டோக்கன்?"

"கையில இருக்கு சார்."

"கொண்டா."

"இங்கேர்ந்து ரெண்டு மணி நேரம் ஆகும் சார். நான் வெளியதான் இருக்கேன்னு தெரிஞ்சிடுச்சே, நீங்க வெடி..."

"குரலுக்கெல்லாம் நான் பொத்தான அழுத்தறதில்ல. கொண்டா."

வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. பெண் உயிரோடு பேசுகிறாள், இன்னும் என்ன அத்தாட்சி? மாற்றுச் சாவி மாதிரி ஒரு மாற்று டோக்கன் கூடவா இல்லை என்றேன். முன்பு ஒருமுறை, 'அவன் வீட்டுக்குப் போயிட்டான், நான் பாத்தேன்' என்று ஒருவர் சொன்ன சொல்லை நம்பிப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். அவன் கீழேதான் இருந்திருக்கிறான்.

மனைவிக்கு அழைத்தேன். சுரங்கத்திலிருந்து வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். மகள் வீட்டுக்கு வந்தாளா என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா கூட்டிப் போவதாக இருந்தது என்று இவள் சொல்ல, போனதை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. காவலாளி ஒரு கார் போனதைப் பார்த்திருக்கிறான், உள்ளே யார் இருந்தார்கள் என்று பார்க்கவில்லை. 'கீழ தேடிட்டிருக்கோம்மா' என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அதிலிருந்து இவள் எனக்கு அழைத்தபடி இருந்திருக்கிறாள்.

"அவ என் பக்கத்துலதான் இருக்கா" என்றேன்.

"போன எதுக்கு வச்சிருக்கீங்க? பல்லு குத்தவா?" என்றாள். பிறகு அழுதாள்.

திரும்பிப் போகிற வழியில் நான் வேகமாக ஓட்டினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தது, கூடவே உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. இனி அந்த மனிதர் அந்த வரியை எழுத மாட்டார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

"நான் ஹாரன் அடிச்சதாலதான் இப்படி ஆச்சுன்னு அவர்கிட்ட சொல்றேன்" என்றேன்.

"சொல்லாதீங்க. எல்லா அப்பாவும்தான் ஹாரன் அடிப்பாங்க." டோக்கனை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "மாட்ட வேண்டியது நான்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வேலை முடித்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, வேலைக்கு வந்தவர்கள் கீழே போகவில்லை. இரண்டு ஷிப்ட் ஆட்களும் தலைவிளக்குகளை மாட்டி வைக்கிற விளக்கு அறைக்கு வெளியே இருந்த கட்டைச் சுவரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் என் மகள் செருப்பும் இஸ்திரி போட்ட சட்டையுமாக நடந்து போனாள். திட்டுவார்கள் என்று நான் தயாராக இருந்தேன், பதிலுக்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காதவர்களோடு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது.

தேடப் போன ஆறு பேர் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பு வரை சேறு. ஒருவருக்கு முழங்கையில் துணி சுற்றியிருந்தது. பழைய பாதைகளில், இப்போது யாரும் போகாத இடங்களில்கூட நுழைந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களில் முன்பல் இல்லாத ஒருவர், துளை போடுகிற தொழிலாளி, அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார்.

"கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு பல்லு" என்றார். குரலே எழும்பவில்லை.

எனக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்தவர் விளக்கினார். பல் டாக்டர் மகள் என்பதால் சுரங்கத்தில் அவளுக்குப் 'பல்லு' என்று பெயராம். வந்த முதல் வாரமே வைத்துவிட்டார்களாம். அந்தப் பெயரைச் சொல்லித்தான் இருட்டில் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு வளைவில் நின்று பல்லு என்று கத்துவார்கள், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பார்கள், பதில் இல்லையென்றால் அடுத்த வளைவு.

கிளினிக் வாசலில் என் தொழிலைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறேன். அதை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்த மூலைச் சந்தோஷம் அங்கேயே, அந்தக் கட்டைச் சுவருக்கு முன்னாலேயே, செத்துப்போனது. என்ன மனிதன் நான் என்று இருந்தது.

ஷிப்ட் இன்ஜினியர் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கீழ்வரிசைப் பற்கள் பாதியாகத் தேய்ந்திருந்தன, தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறவர். பலகை முழுக்கப் பித்தளை. நடுவில் ஓர் ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. மகள் போய் டோக்கனை மாட்டினாள்.

அவர் பலகையை மேலிருந்து கீழ் ஒருமுறை பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் என் கால்களுக்கு அடியில் தரை மெதுவாக அதிர்ந்தது. மேசை மேலிருந்த தேநீர்த் தம்ளர்கள் கிணுகிணுத்தன. சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

அவர் திரும்பி வந்து அவளிடம் பேசினார். நான் ஒருத்தன் நிற்பதையே கண்டுகொள்ளவில்லை.

"உன் வேலை நல்லா இருந்துச்சு. ஆனா அந்த வரிய நான் எழுத முடியாது. இந்த வருஷம் இல்ல."

"தெரியும் சார்."

"டோக்கனோட வீட்டுக்குப் போனா என்ன பண்ணணும்னு தெரியுமா?"

"ஒரு வாரம் பலகைகிட்ட நிக்கணும் சார்."

"பயிற்சி இன்னைக்கோட முடிஞ்சிடுச்சு. நீ வரணும்னு நான் கட்டாயப்படுத்த முடியாது."

"காலைல வந்துடறேன் சார்."

காரில் ஏறியதும் அழத் தொடங்கினாள். ஊர் வரும்வரை அழுதாள். நான் வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது.

மறுநாள் அவள் போன் கிடைக்காமல், விண்ணப்பத்தில் இருந்த என் எண்ணுக்குக் கணினிக் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். ஏன் பாதியில் எழுந்து ஓடினாள் என்று தெரிந்துகொள்ள விரும்பினார்கள். சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடி அழைத்து, அவள் வேண்டுமென்றார்கள். மறு தேர்வு வேண்டாம், வருகிறாளா இல்லையா என்று வார முடிவுக்குள் சொன்னால் போதும் என்றார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அது இதுதான். அன்று இரவுச் சாப்பாட்டில் அவளிடம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றாள். விடியுமுன் எழுந்து சுரங்கத்துக்குக் கிளம்பினாள்.

"வேலையே இல்லன்னு ஆயிடுச்சு. இன்னும் எதுக்குடி அங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஆறு பேர் என்னத் தேடி உள்ள போனாங்கம்மா. அவங்க மேல வர்றத நான் பாக்க வேணாமா?" என்றாள்.

மனைவி அவளுக்கு வழியில் சாப்பிட ஏதோ கட்டிக் கொடுத்தாள்.

தண்டனையின் கடைசி நாள் நானே காரில் போனேன். கம்பெனிக்கு அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். விளக்கு அறையின் கதவு திறந்திருந்ததால் பலகை தெரிந்தது, பக்கத்தில் அவள் நிற்பதும் தெரிந்தது. ஒவ்வொருவரும் டோக்கனை மாட்டும்போது முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். சிலர் அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். கூட்டம் தீர்ந்தது. அவள் நகரவில்லை. ஓர் ஆணி இன்னும் காலியாக இருந்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. கம்பெனி மூடிவிடும். என் கை பழக்கத்தில் ஹாரன்மேல் போனது. எடுத்துவிட்டேன். காவலாளி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்துக் கூண்டு ஒரே ஒரு ஆளோடு மேலே வந்தது. அந்த முன்பல் இல்லாதவர். ஏதோ குழாய் கழன்றுகொண்டதாம், பூட்டிவிட்டு வந்திருக்கிறார். அவர் டோக்கனை மாட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பலகையை மேலிருந்து கீழ் பார்த்தாள், உள்ளே குரல் கொடுத்தாள். தரை அதிர்ந்தது. கார் கண்ணாடி லேசாக நடுங்கியது.

அவள் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"அந்த ஆளு வராமலே இருந்திருந்தா?" என்றேன்.

"உள்ள போய்த் தேடுவோம்."

"யாரு?"

"நாங்கதான். வேற யாரு?"

சொல்லிவிட்டு சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சார் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார், அதுவரை மீட்புப் படைப் பயிற்சியில் சேரலாமாம், இடம் இருக்கிறதாம், என்றாள். சொல்லும்போது என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இப்போதும் பயம்தான். ஆனால் கம்பெனிக்கு என்ன பதில் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. போனை எடுத்து நானே அழைத்து, அவள் வரவில்லை, மன்னிக்கவும் என்று சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு மனைவிக்கு அழைத்தேன்.

"கிளம்பிட்டோம். அவ வண்டியில ஏறிட்டா" என்றேன்.

"நிஜமாவா?"

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். காதோரம் தூசியும் மடியில் பூட்ஸுமாக உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணால பாத்துட்டுதான் சொல்றேன்" என்றேன்.